எழுதியவர் அவரேதான்

அமெரிக்க அடிமைகளின் தன்வரலாறுகளைப் பழைய பதிப்புகளாகத் தேடிச் சேர்க்கிறவர்களிடம் ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. எனக்கும் அது தொற்றிக்கொண்டது. புத்தகம் கைக்கு வந்ததும் நேரே கதைக்குள் போகமாட்டோம். முன்னுரை யாருடையது, சான்றுக் கடிதம் கொடுத்தவர் யார், எந்த ஊர் அச்சு, அட்டைக்குள் எத்தனையாவது ஆயிரம் என்று போட்டிருக்கிறது, கடைசியில் என்னென்ன சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்று இரண்டு ஓரங்களையும்தான் முதலில் புரட்டுவோம். மற்ற புத்தகங்களில் வாசகர் தாண்டிப் போகிற பக்கங்கள் இவை. இந்த வகை நூல்களில் சண்டையே அங்கேதான் நடக்கிறது.

சண்டைக்குக் காரணம் ஒரே கேள்வி: இதை நீதானா எழுதினாய்? தென்மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே சட்டப்படி குற்றமாக இருந்த காலம் அது. அங்கிருந்து தப்பி வந்த ஒருவர் தெளிவான ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினால் நம்பாதவர்களே அதிகம் இருந்தார்கள். ஆகவே தலைப்புப் பக்கத்திலேயே ஆசிரியர் பெயருக்குக் கீழே 'அவரே எழுதியது' என்று ஒரு வரி அச்சிட்டார்கள். அந்த ஒரு வரியும் போதவில்லை.

அப்படித் தப்பி வந்தவர்களில் ஒருவரான ஃபிரடெரிக் டக்ளஸின் முதல் தன்வரலாறு 1845இல் பாஸ்டனில் வந்தது. கார்ன்ஹில் 25ஆம் எண்ணில் இருந்த அடிமை ஒழிப்பு இயக்கத்தின் அலுவலகம்தான் பதிப்பகம். விலை 50 சென்ட். கதை தொடங்குவதற்கு முன் வில்லியம் லாயிட் காரிசனின் முன்னுரை வருகிறது, அதற்குப் பின் வெண்டல் பிலிப்ஸின் கடிதம். இரண்டு வெள்ளைக்காரப் பெரிய மனிதர்கள் வாசலில் நின்று, உள்ளே இருப்பவர் பொய் சொல்லமாட்டார், அதற்கு நாங்கள் பொறுப்பு என்று ஜாமீன் கொடுக்கிறார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான், சந்தேகமில்லை. ஆனாலும் ஜாமீன் ஜாமீன்தான். முகப்பில் ஒரு படம் இருக்கிறது. முகம் முழுமையாக இருக்கும். மார்புக்குக் கீழே கோடுகள் தேய்ந்து வெற்றுத் தாளாகிவிடும். செதுக்கியவர் வேண்டுமென்றே செய்த பாணியாக இருக்கலாம். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம், இந்த ஆள் முழுதாக வந்துசேர இன்னும் நாளாகும் என்று தோன்றும்.

முதல் நான்கு மாதங்களில் ஏறத்தாழ 5,000 பிரதிகள் விற்றன. அந்த விற்பனையே ஆபத்தானது. தன்னைச் சொந்தம் கொண்டாடியவரின் பெயர், மேரிலாந்தில் வாழ்ந்த ஊர், வட்டாரம் எல்லாவற்றையும் டக்ளஸ் பச்சையாக எழுதியிருந்தார். சட்டப்படி அவர் இன்னும் ஒருவரின் சொத்து. நான் இன்னார், இந்த இடத்தில் இருக்கிறேன் என்று அச்சடித்து ஊரெல்லாம் விற்றபின் பிடித்துக்கொண்டுபோக எவ்வளவு நேரம் ஆகும்? அதே ஆண்டு கப்பலேறி அயர்லாந்து போய்ச் சேர்ந்தார்.

நான் சொல்ல வந்த விஷயம் இங்கே ஆரம்பிக்கிறது. டப்ளினில் ரிச்சர்ட் வெப் என்ற அச்சகக்காரர் அதே நூலை மறுபடியும் அச்சிட்டார். பாஸ்டன் பதிப்பு முதல் பதிப்பு என்பதால் சேகரிப்பாளர்கள் அதன் பின்னால் ஓடுகிறார்கள். ஏலத்தில் விலை பல ஆயிரம் டாலருக்குப் போகிறது. டப்ளின் பதிப்புகள் அதன் நகல் போலத்தான் பார்க்கப்படுகின்றன. என் கணிப்பில் அவைதான் விலை மதிப்புள்ளவை. அங்கே டக்ளஸ் தாமே முன்னுரை எழுதுகிறார். படம் அவருக்குப் பிடிக்கவில்லை, அதை வெப்பிடம் சொல்கிறார். பெல்ஃபாஸ்டின் பாதிரிமார் இருவர் எழுதிய பாராட்டுகளைச் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார். வெப்புக்குப் பாதிரிமார் என்றாலே ஆகாது. டக்ளஸ் விடவில்லை. பாதிரி என்பதற்காக ஒருவரை ஒதுக்கினால் நாமும் மதக்காழ்ப்பில் அவர்களுக்குச் சளைத்தவர்களில்லை என்றாகிவிடும் என்பது அவர் வாதம். பாஸ்டனில் மற்றவர்கள் கூட்டிவந்த சாட்சிகளோடு வந்தவர், கடல் தாண்டியதும் தம் சாட்சிகளைத் தாமே தேர்ந்தெடுக்கிறார்.

இதைவிடச் சுவையான ஒன்று 1846 டப்ளின் பதிப்பின் பின்னிணைப்பில் இருக்கிறது. டெலவேரைச் சேர்ந்த தாம்சன் என்ற வெள்ளைக்காரர் ஒரு பத்திரிகையில் மறுப்பு எழுதியிருந்தார். டக்ளஸின் எஜமானர்களையெல்லாம் தமக்கு நன்றாகத் தெரியும், அவர்கள் மிக நல்லவர்கள். அந்த அடிமையையும் தெரியும், அப்போது அவன் பெயர் ஃபிரடெரிக் பெய்லி, எழுத்தறிவில்லாத சாதாரண ஆள், இப்படியொரு புத்தகம் அவனால் எழுதியிருக்கவே முடியாது என்பது மறுப்பின் சாரம். வேறு யாராக இருந்தாலும் கிழித்துப் போட்டிருப்பார்கள். டக்ளஸ் அந்தக் கடிதத்தை வாங்கித் தம் புத்தகத்திலேயே அச்சிட்டுவிட்டு, நன்றி சொல்கிறார். நான் அடிமையாக இருந்ததே பொய் என்று சொல்லித் திரிகிறார்கள். நீங்கள் என்னை அடிமையாகப் பார்த்ததாக உங்கள் கையெழுத்திலேயே சொல்லிவிட்டீர்கள், இதைவிட நல்ல சாட்சி எனக்கு எங்கே கிடைக்கும் என்கிறார். எதிராளியின் வாயாலேயே வழக்கை ஜெயித்த மாதிரி. இந்தப் பக்கங்கள் பாஸ்டன் முதல் பதிப்பில் இல்லை. அதை நகலெடுத்த பிற்கால மலிவுப் பதிப்புகள் பலவற்றிலும் இல்லை.

அந்த ஆண்டு முடிவதற்குள் இங்கிலாந்து நண்பர்கள் பணம் திரட்டி அவருடைய விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். 150 பவுண்டு, டாலரில் 711.66. புத்தகம் 50 சென்ட் என்றால், டக்ளஸ் என்ற மனிதரின் விலை அவருடைய புத்தகத்தின் 1,423 பிரதிகளின் விலை. முதல் நான்கு மாதத்தில் விற்றதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபின், முதல் பதிப்பு இன்று என்ன விலைக்குப் போகிறது என்று ஏலப் பட்டியல்களைப் பார்ப்பதில் இருந்த ஆர்வம் எனக்குக் குறைந்துவிட்டது.

பத்து ஆண்டு கழித்து, 1855இல், அவர் தம் வாழ்க்கையைத் திரும்பவும் எழுதினார். தலைப்பு, 'என் அடிமைத்தளையும் என் விடுதலையும்'. நியூயார்க்கும் ஆபர்னும் பதிப்பு ஊர்கள். அதன் பழைய பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. துணி அட்டை, முதுகில் பொன்னெழுத்து பாதி அழிந்துபோனது, முன் அட்டை கட்டிலிருந்து விட்டுப்போய் ஒரு நூலில் தொங்குகிறது. முகப்பில் எஃகுத் தகட்டில் செதுக்கிய படம். பத்து ஆண்டுக்கு முன் மார்போடு மங்கிப்போனவர் இதில் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக உட்கார்ந்திருக்கிறார். கைகள் மடியில் இறுக மூடியிருக்கின்றன. சிரிப்பில்லை. கீழே அவருடைய கையெழுத்து. புரட்டினால் முன்னுரை ஜேம்ஸ் மக்யூன் ஸ்மித் எழுதியது. அவர் கறுப்பினத்தவர், அமெரிக்கக் கல்லூரிகள் சேர்த்துக்கொள்ளாததால் கிளாஸ்கோ போய் மருத்துவம் படித்துவந்தவர். காரிசன் இல்லை, பிலிப்ஸ் இல்லை. அதற்குள் காரிசனுக்கும் டக்ளஸுக்கும் முறிந்துபோயிருந்தது என்பது உள்விவகாரம். எனக்கு முக்கியம், ஜாமீன் கொடுப்பவர் மாறிவிட்டார் என்பதுதான். யாரோ ஒரு பழைய வாசகர் அந்த முன்னுரையின் ஓரத்தில் பென்சிலால் நெடுங்கோடு போட்டு வைத்திருக்கிறார். உரையின் மற்ற இடங்களில் ஒரு கோடும் இல்லை. அந்தப் பென்சில் கோட்டுக்காகக் கடைக்காரர் விலையைக் குறைத்துத்தான் கொடுத்தார்.

இந்தக் கதை டக்ளஸோடு தொடங்கவில்லை. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1789இல், லண்டனில் ஒலாடா எக்வியானோ தம் வரலாற்றை இரண்டு தொகுதிகளாக அச்சிட்டார். பதிப்பாளரிடம் விற்காமல் உரிமையைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டு, முன்பணம் கட்டிய சந்தாதாரர்களின் பெயர்ப்பட்டியலோடு வெளியிட்டார். பட்டியலின் தலையில் இளவரசர் இருக்கிறார். மட்பாண்ட வணிகர் வெட்ஜ்வுட் இருக்கிறார். நம்மூரில் கல்யாணத்துக்கு மொய் எழுதிய நோட்டைப் பத்திரப்படுத்துவது போல, ஒவ்வொரு பதிப்புக்கும் அந்தப் பட்டியலைப் புதுப்பித்துக்கொண்டே போனார். ஊர் ஊராகப் போய் விற்றார். நான்காம் பதிப்பு டப்ளின், ஐந்தாம் பதிப்பு எடின்பரோ. 1797இல் அவர் இறப்பதற்குள் ஒன்பது பதிப்புகள். தம்மை விலை கொடுத்து மீட்ட 1766ஆம் ஆண்டு விடுதலைப் பத்திரத்தை வரி விடாமல் உள்ளே அச்சிட்டிருக்கிறார். விற்ற பணம் வீண்போகவில்லை. 1816இல் மகள் ஜோவன்னாவுக்கு 950 பவுண்டு சொத்து வந்தது.

சந்தேகம் அவரையும் விடவில்லை. 1792இல் லண்டன் பத்திரிகைகள், இவர் ஆப்பிரிக்காவில் பிறக்கவே இல்லை, மேற்கிந்தியத் தீவில் பிறந்தவர் என்று எழுதின. அதற்கான பதிலும் சாட்சிக் கடிதங்களும் அடுத்த பதிப்பின் முன்பக்கங்களில் ஏறின. வேடிக்கை என்னவென்றால், இருநூறு ஆண்டு கழித்து வின்சென்ட் கரெட்டா என்ற ஆய்வாளர், எக்வியானோ தென் கரோலினாவில் பிறந்தவர் என்று சொல்லும் ஞானஸ்நானப் பதிவையும் கடற்படைப் பதிவையும் கண்டெடுத்தார். அறிஞர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். எந்தப் பக்கம் சரியென்றாலும், ஒன்பது பதிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு ஒன்று தெரியும்: அந்த மனிதர் தம் புத்தகத்தை ஒருதரம் எழுதி முடித்துவிடவில்லை. கடைசிவரை வழக்காடிக்கொண்டே இருந்தார்.

மேரி பிரின்ஸுக்கு வழக்கு நிஜமாகவே நீதிமன்றத்துக்குப் போனது. பெர்முடாவில் பிறந்து, ஆண்டிகுவாவில் வேலைசெய்து, எஜமானோடு 1828இல் லண்டன் வந்தவர். அவர் சொல்லச் சொல்ல சூசன்னா ஸ்ட்ரிக்லண்ட் எழுதினார், தாமஸ் பிரிங்கிள் பதிப்பித்தார். 1831இல் மட்டும் மூன்று பதிப்புகள். மூன்றாவதில்தான் ஒரு கடிதம் சேர்கிறது. பர்மிங்காமில் இருந்து ஒரு பெண்கள் சங்கம், இந்தப் பெண்ணின் உடம்பில் உண்மையிலேயே அடித்த தழும்புகள் இருக்கின்றனவா என்று கேட்டிருக்கிறது. பிரிங்கிளின் மனைவி பதில் எழுதுகிறார். முதுகு முழுக்கத் தழும்பு, நானும் இன்னின்னாரும் பார்த்தோம் என்று கையெழுத்துப் போடுகிறார்கள். டக்ளஸுக்கு முன்னுரை சாட்சி. எக்வியானோவுக்குச் சந்தாதாரர் பட்டியல் சாட்சி. மேரி பிரின்ஸுக்கு முதுகுத் தோல். சட்டையைக் கழற்றிக் காட்டிய பிறகே அவர் சொன்னதை நம்பினார்கள். பிரிங்கிள் ஒரு பத்திரிகைப் பதிப்பாளர்மேல் அவதூறு வழக்குப் போட, மேரியின் எஜமான் பிரிங்கிள்மேல் வழக்குப் போட, 1833இல் இரண்டுமே விசாரணைக்கு வந்தன. மேரி நேரில் வந்து சாட்சி சொன்னார்.

அதே 1833இல்தான் பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. அதைக் கொண்டாடுகிறவர்கள் சாதாரணமாகச் சொல்லாமல் விடும் ஒரு பிரிவு அதில் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலப்பகுதிகளுக்கும் இலங்கைக்கும் அந்தச் சட்டம் செல்லாது. தஞ்சாவூர்ப் பண்ணையாளுக்கும் யாழ்ப்பாணத்துக் கோவியருக்கும் நளவருக்கும் மேரி பிரின்ஸின் முதுகு எந்த நன்மையும் செய்யவில்லை. இந்தியாவுக்கு 1843இல் தனிச் சட்டம் வந்தது, இலங்கைக்கு அதற்கடுத்த ஆண்டு.

சந்தேகம் அடிமை முறையோடு ஒழிந்ததா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டு தலைமுறைக்குப் பிறகு, தென்மாநிலத் தோட்டங்களைப் பற்றிய பெரிய அறிஞராகக் கருதப்பட்ட உல்ரிச் பிலிப்ஸ் 1929இல், முன்னாள் அடிமைகளின் வரலாறுகளில் ஒழிப்பு இயக்கத்தாரின் கைவரிசை அதிகம், அந்த வகையையே நம்பமுடியாது என்று ஒதுக்கினார். எஜமான்கள் எழுதிவைத்த கணக்குப் புத்தகங்கள் அவருக்கு நம்பகமாக இருந்தன. பருத்தி எடைபோட்டவன் பொய் சொல்லமாட்டான், சுமந்தவன் சொல்வான் என்பது அந்த ஆராய்ச்சி நெறி. டக்ளஸின் 1845ஆம் ஆண்டு நூலே நூறு ஆண்டுக்கும் மேலாக மறுபதிப்பில்லாமல் கிடந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1960இல் பெஞ்சமின் குவார்ல்ஸின் பதிப்பாகக் கொண்டுவந்த பிறகுதான் அது பாடப்புத்தகமானது.

இந்த இடைவெளியில் புத்தகங்கள் எங்கே இருந்தன? பழைய புத்தகக் கடைகளில். பரண்களில். சில வேளை நம்பமுடியாத இடங்களில். மேரிலாந்தில் சாமுவேல் கிரீன் என்ற கறுப்பினப் போதகருக்கு 1857இல் பத்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தார்கள். அவர் செய்த குற்றம், அடிமை முறையைச் சாடிய 'டாம் மாமாவின் குடிசை' நாவலை வீட்டில் வைத்திருந்தது. ஐந்து ஆண்டு உள்ளே இருந்துவிட்டு வந்தார். ஒரு கறுப்பர் வைத்திருந்தால் ஜெயில். ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளியின் வீட்டு அலமாரியில் அதைவிடக் கடுமையான புத்தகம் தூசு படிந்து நிம்மதியாகக் கிடந்திருக்கிறது.

அதைக் கண்டெடுத்தவர் சூ ஈகின். 1930களின் தொடக்கம், லூசியானா, அவருக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவோடு ஒரு தோட்ட வீட்டுக்குப் போயிருந்தபோது நூலக அறையில் சாலமன் நார்த்தப்பின் 'பன்னிரண்டு ஆண்டு அடிமை' கையில் கிடைக்கிறது. நார்த்தப் நியூயார்க்கில் சுதந்திர மனிதராகப் பிறந்தவர். 1841இல் வாஷிங்டனில் கடத்தி விற்றுவிட்டார்கள். 1853இல் மீட்கப்பட்ட சில மாதங்களிலேயே, டேவிட் வில்சன் என்ற வழக்கறிஞரின் கைவழியே அவர் கதை நூலாக வந்து முப்பதாயிரம் வரை விற்று, பிறகு மறைந்துபோனது. சிறுமி வரிக்கு வரி படித்துக்கொண்டே போகிறாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்த ஊர், தெரிந்த ஓடை, தெரிந்த குடும்பப் பெயர்கள். நேரம் போதாமல் வீடு திரும்ப வேண்டியதாயிற்று. பிறகு கல்லூரியில் படிக்கும்போது பேட்டன் ரூஜில் ஒரு பழைய புத்தகக் கடையில் அதே நூல் இருந்தது. பயந்துகொண்டே விலை கேட்டிருக்கிறார். கடைக்காரர், இதெல்லாம் வெறும் கட்டுக்கதை, இது எதற்கு உனக்கு என்று சொல்லி 25 சென்ட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

கட்டுக்கதையா என்று பார்த்துவிடுவோம் என்று ஈகின் முப்பது ஆண்டு செலவிட்டார். நார்த்தப் குறிப்பிடும் முதலாளிகள், அடமானப் பத்திரங்கள், வழக்குகள், அவரை நியூ ஆர்லியன்ஸுக்கு ஏற்றிவந்த கப்பலின் ஆள்பட்டியல் எல்லாம் ஒவ்வொன்றாக ஆவணக் காப்பகங்களில் கிடைத்தன. அந்தப் பட்டியலில் அவர் இருக்கிறார், விற்றவர்கள் வைத்த 'பிளாட்' என்ற பொய்ப் பெயரில். ஜோசப் லாக்ஸ்டனோடு சேர்ந்து 1968இல் அடிக்குறிப்புகளோடு பதிப்பித்தார். சினிமா வந்து எல்லாரும் நார்த்தப்பைத் தெரிந்துகொண்டது 2013இல். ஈகின் அதற்கு நான்கு ஆண்டு முன்பே காலமாகிவிட்டார்.

ஹேரியட் ஜேக்கப்ஸின் விஷயம் இன்னும் மோசம். வடக்குக் கரோலினாவில் பாட்டி வீட்டுப் பரணில், ஒன்பதடி நீளம் ஏழடி அகலம் மூன்றடி உயரம் உள்ள பொந்தில், ஏறக்குறைய ஏழு ஆண்டு ஒளிந்திருந்தவர். அவர் நூலை வெளியிட இருந்த பாஸ்டன் பதிப்பகம் திவாலானது. வால்ட் விட்மனின் கவிதை நூலின் மூன்றாம் பதிப்பைப் போட்ட அதே பதிப்பகம். ஜேக்கப்ஸ் அச்சுத் தகடுகளைத் தாமே விலைக்கு வாங்கி 1861இல் வெளியிட்டார். தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் கிடையாது. 'அவளே எழுதியது' என்றிருக்கும். பதிப்பாசிரியர் லிடியா மரியா சைல்டு என்றிருக்கும். நூலகங்கள் சைல்டின் நாவல்களோடு அடுக்கிவிட்டன. அடிமைகளின் குரலைத் தூக்கிப் பிடித்த ஜான் பிளாசிங்கேம் போன்ற வரலாற்றாசிரியரே 1972இல் இதை நம்ப மறுத்தார். ஜீன் ஃபேகன் யெல்லின் ராச்செஸ்டரில் கிடந்த ஜேக்கப்ஸின் கடிதங்களை வைத்து 1981இல் நிரூபித்தார். எழுதியவர் அவரேதான். தலைப்புப் பக்கம் 120 ஆண்டாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். போலிகளும் இருந்தன. வெள்ளைக்கார நாவலாசிரியர் ரிச்சர்ட் ஹில்ட்ரெத் 1836இல் ஓர் அடிமையின் நினைவுகள் என்ற பாவனையில் நாவல் எழுதினார். மேட்டி கிரிஃபித் 1857இல் அதையே செய்தார். இப்போது போலிகளையும் தனியாகச் சேர்க்கிறவர்கள் உண்டு. சந்தைக்கு எதுவும் வீணில்லை.

சந்தையைப் பற்றி ஒரு கசப்பு எனக்குள் இருக்கிறது. பழம்புத்தக வியாபாரிகளின் பட்டியலைப் படித்துப் பாருங்கள். வயது சொல்வார்கள், கட்டு உறுதியா என்று சொல்வார்கள், கறை எங்கே, கிழிசல் எங்கே, முன்பு யாரிடம் இருந்தது என்பார்கள். நார்த்தப்பின் நூலில் நியூ ஆர்லியன்ஸ் அடிமைச் சந்தையை விவரிக்கும் அத்தியாயம் வருகிறது. வாங்க வந்தவர்கள் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள், நடக்கச் சொல்கிறார்கள், தனி அறைக்குக் கூட்டிப்போய்ச் சட்டையைக் கழற்றச் சொல்கிறார்கள். முதுகில் தழும்பு இருந்தால் அவன் அடங்காதவன் என்று பொருள், விலை இறங்கிவிடும். மேரி பிரின்ஸுக்குச் சாட்சியாக இருந்த தழும்பு அங்கே குறை. புத்தகச் சந்தையின் கண்ணும் அந்த வியாபாரியின் கண்தான். பென்சில் கோடு, மசிக்கறை, பள்ளிக்கூடத்து முத்திரை, கைவைத்துக் கைவைத்துக் கறுத்த ஓரம் எல்லாமே அதற்குக் குறை. கூட்டத்தில் பேசி முடித்த கையோடு மேசையில் வைத்து விற்பதற்காக அச்சடித்த புத்தகங்கள் இவை. முன்னாள் அடிமையான சோஜர்னர் ட்ரூத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாம் சொல்லி எழுதவைத்த வரலாற்றை 25 சென்ட்டுக்கு விற்று நார்தாம்ப்டன் வீட்டுக் கடனை அடைத்தார். யாரும் திறக்காத அப்பழுக்கற்ற பிரதி என்றால், வாங்கியவர் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம். அதற்குத்தான் இன்று விலை அதிகம்.

வேறு மாதிரிச் சேர்த்தவர்கள் இருந்தார்கள். போர்ட்டோ ரிக்கோவில் 1874இல் பிறந்த ஆர்துரோ ஷோம்பர்கிடம் பள்ளி ஆசிரியை, கறுப்பர்களுக்கு வரலாறு கிடையாது என்று சொன்னாராம். நியூயார்க் வங்கி ஒன்றின் தபால் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே ஷோம்பர்க் வாழ்நாளெல்லாம் அதற்குப் பதில் சேகரித்தார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களும் ஆயிரக்கணக்கான கையெழுத்துப் படிகளும் படங்களும் சேர்ந்தன. 1926இல் கார்னகி அறக்கட்டளை 10,000 டாலர் கொடுத்து வாங்கி நியூயார்க் பொது நூலகத்துக்கு அளித்தது. ஹார்லெமில் 135ஆம் தெருவில் இன்றும் இருக்கிறது.

எனக்கு அவரைவிட டோரதி போர்ட்டரைப் பிடிக்கும். ஹோவர்டு பல்கலைக்கழக நூலகர். அவர் 1930இல் பொறுப்பேற்றபோது, டியூயி பகுப்புமுறையில் கறுப்பர் எழுதிய எதுவாக இருந்தாலும் இரண்டு எண்களில் ஒன்றில் போட்டார்கள். 326 அடிமைமுறை. 325 குடியேற்றம். கவிதையா, அதையும் 325இல் தள்ளு. போர்ட்டர் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக அடுக்கினார். கையில் பெரிய பட்ஜெட் கிடையாது. பதிப்பாளர்களுக்கும் வியாபாரிகளுக்கும் கடிதம் எழுதி எழுதிக் கெஞ்சி வாங்கினார். தம் சொந்தக் காசில் 1948இல் 85 டாலருக்கு ஒரு கையெழுத்துப் பிரதியை வாங்கி வைத்திருந்தார். ஹன்னா கிராஃப்ட்ஸ் என்ற பெயரில், தப்பி வந்த அடிமைப் பெண் எழுதியதாகச் சொல்லும் நாவல். அவர் காலத்துக்குப் பின் 2001 ஏலத்தில் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் 8,500 டாலருக்கு எடுத்தார். வேறு யாரும் கேட்கவே இல்லை. அடுத்த ஆண்டு அச்சாகி நாடெங்கும் விற்றது. மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு நூலகர் அரை நூற்றாண்டு முன்பே அதன் மதிப்பை அறிந்திருந்தார் என்பது பத்திரிகைச் செய்திகளில் ஓரமாகத்தான் வந்தது.

இந்த வழியில் இறங்க நினைக்கிற தமிழ் வாசகருக்குச் சில வார்த்தை. 19ஆம் நூற்றாண்டுப் பதிப்புதான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். 1960களின் இறுதியில் கறுப்பின மாணவர் போராட்டங்கள் வெடித்தபோது கல்லூரிகளுக்கு அவசரமாக இந்த நூல்கள் தேவைப்பட்டன. ஆர்னோ பிரஸ் போன்றவர்கள் பழைய பதிப்புகளை அப்படியே நிழற்பட அச்சாக வரிசை வரிசையாகக் கொண்டுவந்தார்கள். நூலகங்கள் கழித்துப்போட்ட அந்தப் பிரதிகள் மலிவாகக் கிடைக்கும். என்னிடம் உள்ள ஒன்றில் திருப்பித்தரும் தேதிச் சீட்டு அப்படியே ஒட்டியிருக்கிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் முத்திரைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன, பிறகு வெறும் கட்டங்கள். கேட்டபோது அச்சடித்துத் தரும் இன்றைய பிரதிகளைத் தவிர்த்துவிடுங்கள். பக்கம் விட்டுப்போயிருக்கும், பின்னிணைப்பை வெட்டியிருப்பார்கள், 'முதல் பதிப்பு' என்று கூசாமல் போட்டிருப்பார்கள்.

படிக்க மட்டும்தான் ஆசை என்றால் காசே வேண்டாம். ஜேக்கப்ஸ் பரணில் ஒளிந்திருந்த அதே வடக்குக் கரோலினாவின் அரசுப் பல்கலைக்கழகம், இந்தத் தன்வரலாறுகளை முன்னுரை, சாட்சிக் கடிதம், முகப்புப் படம், அட்டை எல்லாவற்றோடும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அங்கே டக்ளஸை முதலில் படியுங்கள். வாங்குவதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.